வட்டி எவ்வளவு? கைக்கு வருவது என்றைக்கு?

நம் சங்க விழாக்களில் பந்தியில் உட்கார்ந்து பேசும் பேச்சு கொஞ்ச காலமாக மாறியிருக்கிறது. முன்பெல்லாம் "பையன் எங்கே ஃபிளாட் வாங்கியிருக்கிறான், வாக்கடிலா, கராடியிலா?" என்று உரக்கக் கேட்போம். இப்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு "பையனுக்கு வேலையெல்லாம் சரியாகப் போகிறதா?" என்று விசாரிக்கிறோம். 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் ஏறக்குறைய 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்த பிறகு அந்தக் குரல் இன்னும் தாழ்ந்துவிட்டது. ஹிஞ்சவாடிக்குப் பிள்ளையையோ மருமகளையோ அனுப்பாத வீடு நம்மவர்களில் எத்தனை இருக்கும்?

நான் பொருளாதாரம் படித்தவன் அல்ல. திருச்சியில் பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்து, 1982இல் மத்திய ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளம், ஜல்லி, பாலம் என்று 38 ஆண்டுகள் உழைத்து, 2020 ஏப்ரலில் ஓய்வு பெற்றவன். ஊரடங்கு நேரம் ஆகையால் வழியனுப்பு விழாவும் இல்லை, மாலையும் இல்லை. ஓய்வூதியக் காகிதத்தோடு வீட்டுக்குள்ளேயே ஓய்வு பெற்றேன். அந்த ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் நாட்டின் மொத்த உற்பத்தி முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய 24 சதவிகிதம் சரிந்தது என்று பிறகு கணக்குச் சொன்னார்கள். அப்படிப்பட்ட நாளில் கையில் பணிக்கொடைப் பணத்தோடு உட்கார்ந்திருந்தவன் என்ற தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

புனேக்கு மந்தம் புதிதல்ல. ஆகுர்டியில் பஜாஜ் தொழிற்சாலை 2007இல் உற்பத்தியை நிறுத்தியதைப் பார்த்தோம். 2008, 2009இல் ஐ.டி. கம்பெனிகள் வேலைக்கு உத்தரவு கொடுத்துவிட்டு, சேரும் தேதியைத் தள்ளிக்கொண்டே போனதைப் பார்த்தோம். 2019 ஆகஸ்டில் நாட்டில் கார் விற்பனை முந்தைய ஆண்டைவிட 31 சதவிகிதத்துக்கு மேல் விழுந்தது. பிம்ப்ரி, சாகன் பகுதித் தொழிற்சாலைகள் "பிளாக் க்ளோஷர்" என்று பலகை மாட்டின. பெரிய கம்பெனியின் நிரந்தரத் தொழிலாளி அதை எப்படியோ சமாளித்தான். அவனுக்கு நட்டும் போல்ட்டும் செய்து கொடுத்த போசரி பட்டறைக்காரன்தான் அடிபட்டான். ஆக, மந்தம் வருமா என்பது கேள்வியே இல்லை. வரும், போகும், திரும்ப வரும். நம் வீட்டுப் பணம் அந்த நாளில் எங்கே இருக்கும் என்பதுதான் கேள்வி.

இதில் என் கட்சி ஒன்றே ஒன்று. நல்ல காலத்தில் பணத்தைப் பற்றி "எவ்வளவு வட்டி?" என்று கேட்கலாம். கெட்ட காலத்தில் கேட்க வேண்டியது வேறு: "என்றைக்குக் கைக்கு வரும்? வராவிட்டால் யார் பொறுப்பு?" நம்மவர்கள் முதல் கேள்வியில் கெட்டிக்காரர்கள். கால் சதவிகித வித்தியாசத்துக்கு மூன்று வங்கி ஏறி இறங்குவோம். இரண்டாவது கேள்வியைக் கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மும்பைக்கு ரயிலில் போகும்போது லோணாவளா தாண்டியதும் வண்டி மலை இறங்குகிறதே, அந்தப் போர் காட் பாதையில் நான் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். 37 அடி போனால் ஓர் அடி இறக்கம். ரயிலுக்கு இது மிகக் கடுமையான சரிவு. அங்கே பிரதான பாதையிலிருந்து பிரிந்து, மேட்டைப் பார்த்து ஏறி, எங்கும் போய்ச் சேராமல் முடிந்துவிடும் ஒரு துண்டுப் பாதை உண்டு. "கேட்ச் சைடிங்" என்பார்கள். இறங்கி வரும் வண்டிக்கு பிரேக் பிடிக்காமல் போனால், அதை அந்தத் துண்டுப் பாதையில் திருப்பிவிட்டு, மேடேறி வேகம் செத்து நிற்கும்படி செய்வதற்காகப் போட்டது. அந்தத் தண்டவாளத்தில் ஒரு சரக்கு வண்டியும் ஓடுவதில்லை, ஒரு பைசா வருமானம் கிடையாது, துருப்பிடித்துக் கிடக்கும். ஆனாலும் பிரதான பாதைக்கு எப்படிப் பராமரிப்போ அப்படியே அதற்கும் பராமரிப்பு உண்டு. "சும்மா கிடக்கிறதே, பிடுங்கி வேறெங்காவது போடலாமே" என்று எந்த மேலதிகாரியும் சொன்னதில்லை.

வீட்டில் அப்படி ஒரு பணம் வேண்டும். ஆறு மாதச் செலவுக்கான தொகை. வாடகை அல்லது கடன் தவணை, அரிசி பருப்பு, பள்ளிக் கட்டணம், மருந்து எல்லாம் சேர்த்து. அது வட்டி குறைவாகத்தான் சம்பாதிக்கும். சும்மா கிடக்கட்டும். பிள்ளைகள், "அப்பா, அதை மியூச்சுவல் ஃபண்டில் போட்டிருந்தால் இந்நேரம் இவ்வளவாகியிருக்கும்" என்று மொபைலில் கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். கணக்கு சரியாகவே இருக்கும். 2020 மார்ச் 23ஆம் தேதியையும் அதே மொபைலில் பார்க்கச் சொல்லுங்கள். ஜனவரியில் 42,000 வரை போன சென்செக்ஸ் அன்று 26,000க்கும் கீழே முடிந்தது. டிசம்பர் கடைசியில் 47,000ஐத் தாண்டியிருந்தது. பொறுத்திருக்க முடிந்தவனுக்கு நஷ்டமே இல்லை. ஏப்ரல் மாதத் தவணைக்கு வழியில்லாமல் மார்ச் கடைசியில் விற்றவனுக்குத்தான் நஷ்டம். இரண்டு பேரும் வாங்கியது ஒரே ஃபண்டாகக் கூட இருந்திருக்கலாம். ஒருவனிடம் அந்தத் துருப்பிடித்த துண்டுப் பாதை இருந்தது, மற்றவனிடம் இல்லை.

அந்தப் பணத்தை வைக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதச் செலவு சேமிப்புக் கணக்கில். மீதியை ஒரே வைப்புத்தொகையாகப் போடாமல், ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று துண்டு துண்டாகப் போடுங்கள். அவசரத்துக்கு ஒன்றை உடைத்தால் போதும். மற்றவை வட்டி கெடாமல் இருக்கும். வங்கிக் குமாஸ்தா "ஒரே ரசீதாகப் போட்டுக்கொள்ளுங்களேன் சார்" என்பார். சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள்.

இனி என்னைப் போன்ற ஓய்வூதியக்காரர்கள் விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்கு வேலை போகும் பயம் இல்லை. ஆகையால் மந்தம் எங்களைத் தொடாது என்று ஒரு நினைப்பு. உண்மையில் அது எங்களிடம் வருவது வட்டிக் குறைப்பு என்ற வேஷத்தில். தொழில் படுத்தால் ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைக்கும். கடன் வாங்கியவனுக்கு அது நிவாரணம், வட்டியில் சாப்பிடுகிறவனுக்கு அதுவே சம்பளக் குறைப்பு. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 2020 மார்ச் வரை சேர்ந்தவர்களுக்கு 8.6 சதவிகிதம். ஏப்ரலில் அது 7.4 ஆனது. அன்றைய உச்சவரம்பு 15 லட்சம். என்னைவிட இரண்டு மாதம் முன்பு ஓய்வு பெற்ற நண்பருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 32,250 ரூபாய்; எனக்கு 27,750. ஐந்து வருடத்துக்கு அதே விகிதம்தான். (2023 ஏப்ரலில் விகிதம் 8.2க்கு ஏறியது, உச்சவரம்பும் 30 லட்சமானது. ஆனால் பழைய கணக்குக்குப் பழைய விகிதம்தானே!) போதாக்குறைக்கு 2020 ஜனவரி முதல் 2021 ஜூன் வரை மத்திய அரசு அகவிலைப்படியை 17 சதவிகிதத்திலேயே நிறுத்திவைத்தது. எண்ணெய் விலையும் மருந்து விலையும் அப்படி நிற்கவில்லை.

ஆபத்து பிறப்பது இந்த இடத்தில்தான். வட்டி குறைந்த கிழவர் மனத்தில் ஒரு அரிப்பு. அந்த நேரம் பார்த்து யாரோ வருவார்கள்: "நம்ம பத்சன்ஸ்தாவில் பன்னிரண்டு சதவிகிதம் தருகிறார்கள். சேர்மன் தெரிந்தவர்." எனக்குத் தெரிந்த ஒருவர், பெயர் வேண்டாம், தன் பணிக்கொடையில் பாதியை இப்படி ஒரு கடன் சங்கத்தில் போட்டார். முதல் வருடம் வட்டி தேதி தவறாமல் வந்தது. இரண்டாம் வருடம் வட்டி தாமதம். மூன்றாம் வருடம் அலுவலகத்துக்குப் பூட்டு. இன்னும் படியேறிக்கொண்டிருக்கிறார்.

ஒரு விஷயத்தை இங்கே எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். கூட்டுறவு வங்கி வேறு, கூட்டுறவுக் கடன் சங்கமாகிய பத்சன்ஸ்தா வேறு. வங்கி என்றால், அது கூட்டுறவு வங்கியாக இருந்தாலும், வைப்புத்தொகைக்குக் காப்பீடு உண்டு. பத்சன்ஸ்தாவுக்கு அது கிடையாது. நிதி கம்பெனிகளுக்கும் கிடையாது. நம் குடும்பங்களில் நடக்கும் சீட்டுக்கும், மராட்டியத் தோழிகளோடு நம் வீட்டுப் பெண்கள் போடும் பிஷிக்கும் சொல்லவே வேண்டாம். சீட்டுப் போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அது மனிதரை நம்பிப் போடுவது. அதில் போடும் தொகை, போனால் போகட்டும் என்று சொல்லக்கூடிய அளவில் இருக்கட்டும்.

காப்பீடு உள்ள வங்கியிலும் "என்றைக்கு" என்ற கேள்வி உண்டு. இந்த ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. ரூபீ கோவாபரேடிவ் வங்கி 1912இல் புனேயில் தொடங்கியது. நூறு வயதுக்கு மேல் ஆன வங்கி. 2013 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி அதன் மீது கட்டுப்பாடு விதித்தது. நூறாண்டு நின்ற கட்டடம் என்று நம்பிப் போட்டவர்கள் தம் பணத்தை எடுக்க முடியாமல் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். 2022 செப்டம்பரில் அதன் உரிமம் ரத்தாகி கதவு மூடியது. இடையில் ஒன்பதரை ஆண்டு! வைப்பாளர்களில் பெரும்பாலோருக்குக் காப்பீட்டுப் பணம் முழுவதுமாகக் கிடைத்தது என்பது உண்மை. அறுபது வயதில் பணம் போட்டவருக்கு அது வந்தபோது எழுபது என்பதும் உண்மை. சிவாஜிராவ் போசலே வங்கிக்கு 2019இல் கட்டுப்பாடு, 2021இல் உரிமம் ரத்து. அதற்கு முன் சுவர்ண சககாரி வங்கி முடங்கி, 2009இல் நம் சென்னை இந்தியன் ஓவர்சீஸ் வங்கி அதை எடுத்துக்கொண்டது. மும்பையில் 2019 செப்டம்பரில் பி.எம்.சி. வங்கி முடங்கியபோது முதலில் ஆறு மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்தான் எடுக்கலாம் என்றார்கள். அப்புறம்தான் படிப்படியாக உயர்த்தினார்கள்.

காப்பீட்டுத் தொகை 1993 முதல் 2020 பிப்ரவரி வரை ஒரு லட்சமாகவே இருந்தது, பி.எம்.சி. விவகாரத்துக்குப் பிறகுதான் ஐந்து லட்சமாக்கினார்கள். 2021 சட்டத் திருத்தத்தின்படி, வங்கி முடங்கிய நாளிலிருந்து 90 நாளில் இந்தப் பணம் வந்துவிட வேண்டும். ரூபீ வங்கிக்காரர்கள் முதல் எட்டு வருடம் பட்ட பாட்டுக்கு இது ஒரு பெரிய மாறுதல்தான். ஆனால் ஐந்து லட்சம் என்பது அசலும் வட்டியும் சேர்த்து. ஒரே வங்கியின் கேம்ப் கிளையில் மூன்று லட்சமும் கட்கி கிளையில் மூன்று லட்சமும் போட்டால் இரண்டும் ஒன்றாகவே கணக்கு. வேறு வங்கியில் போட்டால் தனிக் கணக்கு. மனைவியோடு கூட்டாகப் போட்டதும் தனிக் கணக்காகும். கூட்டுறவு வங்கி மேல் எனக்கு விரோதம் இல்லை. ஏழைப் பட்டறைக்காரனுக்குக் கடன் கொடுத்த வங்கிகள் அவை. அங்கே ஒருவர் பெயரில் நாலரை லட்சத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்பதுதான் நான் சொல்வது.

சென்னையில் 1906இல் ஆர்பத்நாட் கம்பெனி விழுந்தது பற்றி நம் பெரியவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். அந்தச் சரிவிலிருந்துதான் மறு ஆண்டு இந்தியன் வங்கி பிறந்தது. பிறகு தொண்ணூறுகளில் தேக்கு மரம், பைனான்ஸ் என்று எத்தனை! அனுபவ் கம்பெனி 1998இல் கவிழ்ந்தபோது மயிலாப்பூரிலிருந்து மாதுங்கா வரை அழுதார்கள். நூறு வருடப் பாடம் நமக்கு இருக்கிறது. ஆனாலும் "சேர்மன் தெரிந்தவர்" என்றால் இளகிவிடுகிறோம்.

சரி, பெரியவர்களை விட்டுப் பிள்ளைகளைப் பார்ப்போம். புனேயில் இன்றைய இளம் தம்பதியின் கணக்கு எப்படி நடக்கிறது? இருவர் சம்பளத்தையும் கூட்டி, வங்கி எவ்வளவு கடன் தரும் என்று கேட்டு, அந்த முழுத் தொகையையும் வாங்கி, மீதத்துக்கு அப்பாவின் பணிக்கொடையைக் கேட்பது. எண்பது லட்ச ரூபாய் ஃபிளாட்டுக்கு அறுபத்து நாலு லட்சம் கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டரை சதவிகித வட்டியில் இருபது வருடத்துக்கு மாதத் தவணை ஐம்பத்தைந்தாயிரத்துக்கு மேல். அதே போன்ற வீட்டை இருபத்தைந்தாயிரம் வாடகைக்கு எடுத்தவர்களை நானே அறிவேன்.

என் கருத்து இது: தவணை எவ்வளவு இருக்கலாம் என்பதை இரண்டு சம்பளங்களில் சிறியதை வைத்து முடிவு செய்ய வேண்டும். பெரிய சம்பளம் போய்விட்டாலும் சிறிய சம்பளத்தில் தவணை கட்டிவிட்டு, அந்த ஆறு மாதப் பணத்தில் சாப்பிடலாம். இதைச் சொன்னால் என் மருமகளே, "அப்படிப் பார்த்தால் புனேயில் யாருமே வீடு வாங்க முடியாது மாமா" என்கிறாள். வாங்க முடியாதுதான். அல்லது சிறியதாக வாங்க வேண்டும், அல்லது தளேகாவ் பக்கம் போக வேண்டும், அல்லது இன்னும் ஐந்து வருடம் வாடகைக்கு இருக்க வேண்டும். வாடகை வீட்டில் இருப்பது அவமானம் என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது? நான் 38 வருடம் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தேன். எந்தச் சம்பந்தியும் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

அப்பாவின் பணிக்கொடையைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், பலருக்குக் கோபம் வந்தாலும். மகன் வீட்டுக்கு முன்பணமாக அதைக் கொடுக்கக் கூடாது. பாசம் இல்லாமல் சொல்லவில்லை. மகனுக்கு வேலை போனால் முதலில் தாங்க வேண்டியது அந்தப் பணம்தான். அதையும் கட்டடத்தில் போட்டுவிட்டால், அதே புயலில் இரண்டு குடும்பமும் நனையும். மந்தக் காலத்தில் ஃபிளாட்டை விற்று யார் ஒரு மாதத்தில் பணம் பார்த்திருக்கிறார்கள்?

"தவணை கட்ட முடியாவிட்டால் அரசாங்கம் சலுகை தருமே, கொரோனாவில் தந்ததே" என்பார்கள். 2020 மார்ச்சில் ரிசர்வ் வங்கி மூன்று மாதமும், பிறகு ஆகஸ்ட் கடைசி வரை இன்னும் மூன்று மாதமும் தவணையைத் தள்ளிப்போட அனுமதித்தது. தள்ளிப்போடுவது தள்ளுபடி ஆகாது. கணக்குப் போட்டுப் பார்ப்போமா? முப்பது லட்சம் கடன், எட்டு சதவிகிதம், இருபது வருடம். தவணை ரூ. 25,093. கடன் வாங்கிய புதிதில் ஆறு மாதம் கட்டாமல் விட்டால், வட்டி ஏறிக் கடன் 31 லட்சத்து 22 ஆயிரம் ஆகிவிடும். அதன் பிறகு பழைய தவணையையே கட்டினால் 240 தவணையில் முடிய வேண்டியது 266 தவணை ஆகும். ஆறு மாத ஓய்வுக்கு விலை இருபத்தாறு தவணை, அதாவது ஆறரை லட்சம் ரூபாய். வட்டிக்கு வட்டியை அரசு பிறகு திருப்பித் தந்ததே என்றால், அது சில ஆயிரம். இந்தக் கணக்கில் பெரிதாக ஒன்றும் மாறாது. வேறு வழியில்லாதவர்கள் அந்தச் சலுகையை எடுத்துக்கொண்டது நியாயம். சம்பளம் ஒழுங்காக வந்துகொண்டிருந்த பலரும் "இலவசமாகக் கிடைக்கிறது" என்று எடுத்துக்கொண்டார்களே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

இதையெல்லாம்விட எனக்கு அதிகம் கவலை தருவது மறைப்பது. எங்கள் சொசைட்டியில் ஒரு பிள்ளை, வேலை போய் நாலு மாதம் வரை வீட்டில் சொல்லவில்லை. காலையில் லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவான், மாலையில் திரும்புவான். அந்த நாலு மாதமும் குடும்பம் ஓடியது கிரெடிட் கார்டில். மாதம் ஐந்து சதவிகிதம் கட்டினால் போதும் என்று கார்டுக்காரன் சொல்கிறான். அதில் மூன்றரை சதவிகிதம் வரை வட்டிக்கே போய்விடும். வருடத்துக்கு நாற்பது சதவிகிதத்துக்கு மேல் வட்டி! தெரிந்தபோது அந்தத் தாய் கேட்டது ஒன்றுதான்: "பணம் போனது போகட்டும். என்கிட்ட ஏன்டா சொல்லல?"

எங்கள் அம்மா நினைவுக்கு வருகிறாள். அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை. 1974 மே 8ஆம் தேதி ரயில்வே வேலைநிறுத்தம் தொடங்கியது. எனக்குப் பதினாலு வயது. அன்று இரவே அம்மா எங்கள் நால்வரையும் உட்கார வைத்து, "அப்பாவுக்குச் சம்பளம் வராது. எத்தனை நாளைக்கு என்று அப்பாவுக்கே தெரியாது. பொன்மலை சந்தைக்கு இந்த வாரம் போகப் போவதில்லை. யாராவது கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம்" என்றாள். மறுநாள் மளிகைக் கடைக்குத் தானே போய் கடைக்காரரிடம் விஷயத்தைச் சொல்லி, இரண்டு வளையலைக் கொடுத்து, கணக்கு நோட்டில் எழுத வைத்துவிட்டு வந்தாள். பாலை நிறுத்தினாள், அக்காவின் பரீட்சைக் கட்டணத்தை மட்டும் தொடவில்லை. இருபது நாளில் வேலைநிறுத்தம் முடிந்தது என்றாலும் வீடு பழைய நிலைக்கு வர ஒரு வருடம் ஆயிற்று. அந்த ஒரு வருடமும் எங்களுக்கு எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு இல்லை என்பது ஆறாம் வகுப்புத் தம்பிக்குக் கூடத் தெரியும்.

அம்மா வளையலைக் கொடுத்தாள் என்றேன். இன்று நம் வீடுகளில் பீரோவில் நகை இருக்கிறது. பையில் கார்டும் இருக்கிறது. நகையை அடகு வைப்பது கௌரவக் குறைச்சல், கார்டைத் தேய்ப்பது நாகரிகம் என்று ஒரு கணக்கு நடக்கிறது. வங்கியில் நகைக் கடன் வட்டி பெரும்பாலும் கார்டு வட்டியில் நாலில் ஒரு பங்குதான். நகையை மீட்கலாம். கார்டுக் கடனை அடைக்க நகையை விற்றவர்கள்தான் திரும்ப வாங்க முடியாமல் நிற்கிறார்கள். வங்கியில் வையுங்கள், தெருமுனைக் கடையில் வேண்டாம், ரசீதில் எடையைச் சரிபாருங்கள். அவ்வளவுதான்.

கம்பெனி தரும் மருத்துவக் காப்பீடு வேலையின் கடைசி நாளோடு பொதுவாக முடிந்துவிடும் என்பதையும் பிள்ளைகளுக்கு ஞாபகப்படுத்துங்கள். வேலையில் இருக்கும்போதே சொந்தமாக ஒன்று எடுத்து வைத்திருக்க வேண்டும். எங்களுக்கு ரயில்வே ஆஸ்பத்திரி இருக்கிறது. அவர்களுக்கு அது இல்லை.

கடைசியாக வாரிசு நியமனம். பணம் இருந்தும் கைக்கு வராமல் போவதற்கு வங்கி முடங்கத்தான் வேண்டும் என்பதில்லை. ரசீதில் நாமினி பெயர் இல்லாவிட்டாலே போதும். கொரோனாவில் கணவரை இழந்து, சாவுச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழுமாக அலைந்த நம் சகோதரிகளை நாம் பார்த்தோம். 2025 நவம்பர் முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நாலு பேர் வரை நாமினி போடலாம் என்று விதி வந்திருக்கிறது. படிவம் ஆங்கிலத்திலோ மராட்டியிலோதான் கிடைக்கும். நம் சங்கத்தில் ஞாயிறு காலை குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு நடக்கும்போது பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் வெளியே ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். செயற்குழு அனுமதித்தால் அந்த ஒரு மணி நேரம் நான் ஒரு மேஜை போட்டு உட்காரத் தயார். பாஸ்புக், ஆதார், நாமினியின் பிறந்த தேதி, இவை போதும். படிக்கிற கண்ணாடியை மறக்காமல் கொண்டு வாருங்கள்; என்னுடையதைக் கடன் கேட்காதீர்கள், எனக்கே அது போதவில்லை.